ஃபேட்டி லிவரும் எலும்பு அடர்த்தியும்: எடையைக் குறைத்தால் எலும்பும் கரையுமா?

பொருநை:

வணக்கம். அம்மாவின் ரிப்போர்ட்டுகளை வைத்துக் கேட்கிறேன். வயது 61, உயரம் 152 செ.மீ., 11 வருடமாகச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 7.4. வயிற்று ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 2. கல்லீரல் என்சைம்கள் எஸ்ஜிஓடி 44, எஸ்ஜிபிடி 58, பிளேட்லெட் 2.1 லட்சம், கிரியேட்டினின் 0.8. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்) -1.4, தொடையெலும்புக் கழுத்து -2.6. ஏழு மாதம் முன்பு வைட்டமின் டி 13 இருந்தது. அன்றிலிருந்து வாரம் ஒரு 60,000 யூனிட் சாஷே போகிறது.

மாத்திரைகள்: மெட்ஃபார்மின், பயோகிளிட்டசோன் 15, காலையில் பான்டோபிரசோல் 40 (நான்கைந்து வருடமாக), ஒரு கால்சியம்.

கல்லீரலுக்காக எடையைக் குறைக்கச் சொன்னார்கள். இரவு கஞ்சி மட்டும், மாலை ஒரு மணி நேர நடை என்று வைத்ததில் 74 கிலோ ஆறு வாரத்தில் 68 ஆகிவிட்டது. இப்போது எலும்பு டாக்டர் "இவ்வளவு வேகமாகக் குறைக்காதீர்கள்" என்கிறார்.

என் கேள்விகள்: எலும்பு இப்படி ஆனதற்கு ஃபேட்டி லிவர்தான் காரணமா? கல்லீரலுக்கு நல்லது எலும்புக்குக் கெடுதலா? எலும்பு மாத்திரை ஆரம்பித்தால் கல்லீரல் தாங்குமா?

---

கீழாநெல்லி:

முதலில் அந்த "கிரேடு 2"வை ஓரமாக வையுங்கள். அல்ட்ராசவுண்ட் கிரேடு கொழுப்பு எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லும், அவ்வளவுதான். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. உயிருக்கும் எலும்புக்கும் முக்கியம் அந்தத் தழும்புதான்.

அதைக் கணிக்க உங்களிடம் இருக்கும் எண்களே போதும். ஃபிப்-4 என்ற தழும்புக் கணக்கு இப்படி: வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள், 61 × 44 = 2684. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தைப் பிளேட்லெட்டால் பெருக்குங்கள். 58இன் வர்க்கமூலம் 7.6, 2.1 லட்சத்தை 210 என்று எடுக்க வேண்டும். ஆக சுமார் 1600. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.68. 1.3க்குக் கீழே என்றால் கவலை குறைவு, 2.67க்கு மேலே என்றால் தழும்பு அதிகம் இருக்க வாய்ப்பு. (65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2.0.) அம்மாவுடையது நடுவில் நிற்கிறது, அதனால் அடுத்த படி ஃபைப்ரோஸ்கேன், அதாவது கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன். மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும்; சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் பொய்யாக ஏறும். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் நிம்மதி. 12க்கு மேலே போனால் கல்லீரல் நிபுணர் கட்டாயம்.

எலும்பு விஷயத்தில் இது ஏன் முக்கியம்? சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பாவது) வந்துவிட்டால் எலும்பு பலவீனமாகும் என்பதில் சந்தேகமே இல்லை. வெறும் ஃபேட்டி லிவரில் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. உடல் கனத்தவர்களுக்கு எலும்பு தாங்கும் பாரம் அதிகம் என்பதால் அடர்த்தி சில சமயம் கூடுதலாகவே தெரியும். ஆனால் உள்ளே நடப்பது எலும்புக்குச் சாதகமானதல்ல. எலும்பைக் கட்டும் செல்களுக்கு வேண்டிய ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் கல்லீரலில்தான் உற்பத்தியாகிறது. கொழுப்பு ஏறிய கல்லீரலில் அது குறைகிறது. அழற்சியால் டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் ஏறி, எலும்பைக் கரைக்கும் செல்களை உசுப்பிவிடுகின்றன. இன்சுலின் எதிர்ப்பும் சர்க்கரையும் எலும்பின் புரத வலையையே விறைக்கவைக்கின்றன. டைப் 2 சர்க்கரை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே டி-ஸ்கோர் இருந்தால், சர்க்கரை உள்ளவரின் எலும்பே எளிதாக முறியும். ஏறக்குறைய 0.5 குறைத்து வாசித்துக்கொள்ளலாம்.

எனவே ஃபேட்டி லிவரை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. மாதவிடாய் நின்ற வயது, 11 வருடச் சர்க்கரை, வைட்டமின் டி 13, மாத்திரைகள் என்று நாலைந்து கைகள் சேர்ந்து தட்டிய ஓசை இது. மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்று கேட்டு எழுதி வையுங்கள். 45க்கு முன்னால் என்றால் அதுவே பெரிய காரணம்.

இன்னொன்று. -1.4ஐப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். இந்த வயதில் இடுப்பு முதுகெலும்பில் முள் முள்ளாக எலும்பு வளர்ந்திருக்கும், ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கும். டெக்ஸா அதையெல்லாம் சேர்த்தே அளக்கும். இருப்பதில் குறைந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். -2.5க்குக் கீழே போய்விட்டதால் இது ஆஸ்டியோபோரோசிஸ்தான் (எலும்பு எளிதில் முறியும் அளவுக்கு அடர்த்தி குறைந்த நோய்).

---

வெயிலோன்:

ஒரு சின்னக் கூடுதல். வைட்டமின் டியை முதல் கட்டமாக மாற்றுவதே கல்லீரல்தானே? அதில் கொழுப்பு அடைத்தால் மாற்றம் நடக்காது. அதனால் சாதா சாஷேக்குப் பதில் ஆக்டிவ் வடிவமான கால்சிட்ரியால் எடுப்பது நல்லது அல்லவா?

---

கீழாநெல்லி:

பலர் நம்புவது இது. ஆனால் அம்மாவின் நிலைக்குப் பொருந்தாது. கல்லீரலின் அந்த வேலைத்திறனுக்குக் கையிருப்பு நிறைய உண்டு. சிரோசிஸ் முற்றும்வரை ஓரளவு தாங்கும். ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு டி குறைவதற்குப் பெரிய காரணங்கள் வேறு: வெயிலே படாத வாழ்க்கை, டி கொழுப்பில் கரையும் சத்து என்பதால் பெரிய உடலில் அது பரவி ரத்தத்தில் நீர்த்துப்போவது. சாஷேயில் இருக்கும் சாதாரண கொலிகால்சிஃபெராலே போதும். கால்சிட்ரியாலைக் காரணமில்லாமல் கொடுத்தால் கால்சியம் சட்டென்று ஏறும், சிறுநீரகக் கல் வரும். ரத்தப் பரிசோதனையில் நாம் பார்க்கும் 25-ஹைட்ராக்ஸி அளவிலும் அது தெரியாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கான மருந்து அது.

டி ஏறினால் கல்லீரல் கொழுப்பு கரையும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். எலும்புக்காகத்தான் அதைச் சரிசெய்கிறோம்.

---

மாத்திரைப்பெட்டி:

மருந்துப் பட்டியலில் கை வைக்க வேண்டிய இடங்கள் நான்கு இருக்கின்றன. எதையும் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் இப்படியே கேளுங்கள்.

முதலாவது பயோகிளிட்டசோன். இந்த மாத்திரை கல்லீரல் கொழுப்பையும் அழற்சியையும் குறைக்கும். சர்க்கரையோடு ஃபேட்டி லிவர் இருந்தால் இதை எழுதுவதற்கு நியாயம் உண்டு. ஆனால் எலும்பு மஜ்ஜையில் எலும்புச் செல்லாக வேண்டிய மூலச் செல்லை இது கொழுப்புச் செல் பக்கம் திருப்பிவிடுகிறது. பெண்களுக்கு முன்கை, கணுக்கால், பாதம் ஆகிய இடங்களில் எலும்பு முறிவைக் கூட்டுகிறது. கல்லீரலுக்காக எழுதிய மாத்திரையே எலும்பைத் தின்பது இங்கேதான் நடக்கிறது. -2.6 என்ற டெக்ஸாவைச் சர்க்கரை டாக்டர் பார்த்தாரா என்பதே என் முதல் கேள்வி. பெரும்பாலும் எலும்பு ரிப்போர்ட் எலும்பு டாக்டரின் ஃபைலிலும், சர்க்கரைச் சீட்டு இன்னொரு ஃபைலிலும் தங்கிவிடும். இரண்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். மெட்ஃபார்மின் எலும்புக்குத் தொந்தரவு தராது. பயோகிளிட்டசோனுக்கு மாற்று மருந்துகள் இருக்கின்றன.

இரண்டாவது பான்டோபிரசோல். "கேஸ் மாத்திரை" என்று வருடக்கணக்கில் போகும் இதற்கும் இடுப்பு முறிவுக்கும் தொடர்பு பதிவாகியிருக்கிறது. எதற்காக ஆரம்பித்தது என்று யாருக்குமே நினைவில்லை என்றால் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம். ஒரேயடியாக நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகப் பொங்கும். ஆகவே 40ஐ 20 ஆக்கி, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று இறக்குவார்கள்.

மூன்றாவது கால்சியம். ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். "கால்சியம் கார்பனேட் 1250 மி.கி." என்றிருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500 மி.கி. கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் போடுபவர் அதை வெறும் வயிற்றில் போட்டால் பெரும்பகுதி வீண். ஒன்று, சாப்பாட்டோடு போட வேண்டும். இல்லையென்றால் சிட்ரேட்டுக்கு மாற வேண்டும். சிட்ரேட்டில் 1000 மி.கி. மாத்திரையில் கால்சியம் 210 மி.கி.தான் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் 500க்கு மேல் குடல் சரியாக இழுக்காது. தைராய்டு மாத்திரை இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி தேவை.

நான்காவது அந்தச் சாஷே. வாரம் ஒன்று என்பது வழக்கமாக எட்டு வாரத்துக்கு எழுதுவது. பிறகு மாதம் ஒன்று. ஏழு மாதம் வாரந்தோறும் என்பது நீளம். யாரும் நிறுத்தச் சொல்லாததால் சீட்டைக் காட்டிக் காட்டி வாங்கிக்கொண்டே இருப்பது மருந்துக்கடையில் தினமும் நடக்கிறது. இந்த வாரமே 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, கால்சியம், கிரியேட்டினின் மூன்றும் பாருங்கள். ரிசல்ட் வரும்வரை அடுத்த சாஷே வேண்டாமா என்று டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மலச்சிக்கல், அதிக தாகம், குமட்டல் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. வழக்கமாக எழுதும் எலும்பு மாத்திரையான அலென்ட்ரோனேட் கல்லீரலில் சிதைவதே இல்லை. மாறாமல் சிறுநீரில் போய்விடும். ஃபேட்டி லிவருக்காக அதைத் தவிர்க்கத் தேவையில்லை. சிரோசிஸ் முற்றி உணவுக்குழாயில் ரத்தக் குழாய்கள் புடைத்திருந்தால் மட்டும் வாய்வழி மாத்திரை கூடாது. ஃபைப்ரோஸ்கேனை முதலில் முடிக்கச் சொல்வது அதற்காகவும்தான். வாரம் ஒன்று 70 மி.கி. எழுந்ததும், காபிக்கு முன், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு. பிறகு அரை மணி நேரம் படுக்கவோ குனியவோ கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது. காபியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது. விழுங்கிவிட்டுச் சாய்ந்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

இது ஒத்துவராவிட்டால் வருடம் ஒருமுறை சோலெட்ரானிக் ஆசிட் 5 மி.கி. டிரிப். அதற்கு முன் டியும் கால்சியமும் சரியான அளவுக்கு வந்திருக்க வேண்டும், சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், பல் பிடுங்கும் வேலை இருந்தால் முடித்துவிட வேண்டும். போட்ட மறுநாள் காய்ச்சல், உடம்புவலி வருவது வழக்கம். இன்னொரு எலும்பு மருந்தான டெனோசுமாப் ஊசி என்றால் ஆறு மாதத் தவணையைத் தவறவிடவே கூடாது. விட்டால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கிய சம்பவங்கள் உண்டு. அடுத்த தேதியைக் காலண்டரில் குறிக்க முடியாத வீட்டுக்கு நான் அந்த ஊசியைச் சொல்ல மாட்டேன்.

---

அகத்திக்கீரை:

எடைக்கு வருகிறேன். 74இல் 6 கிலோ என்றால் 8 சதவீதம். 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும், 7 முதல் 10க்குள் அழற்சி அடங்கும், 10ஐத் தொட்டால் தழும்பே ஓரளவு பின்வாங்க வாய்ப்பு. அம்மாவுக்கு 10 சதவீதம் என்பது 66.6 கிலோ. கல்லீரலுக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஏற்கெனவே வந்துவிட்டது! மிச்சமிருப்பது ஒன்றரைக் கிலோ. அதை மூன்று நான்கு வாரத்துக்கு நீட்டினால் ஒன்றும் கெட்டுப்போகாது. வாரம் அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம்.

எனக்குப் பயம் அந்த இரவுக் கஞ்சியில்தான். 40 கிராம் அரிசியில் காய்ச்சிய ஒரு கிண்ணம் கஞ்சியில் புரதம் 3 கிராம். இப்படிக் குறையும் எடையில் தசையும் போகும், எலும்பும் போகும். அம்மாவின் உயரத்துக்கும் வயதுக்கும் நாளுக்கு 65 கிராம் புரதமாவது வேண்டும் (கிரியேட்டினின் 0.8 நல்லது, சிறுநீரில் ஆல்புமின் போகிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்). இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மீனில் 20, ஐம்பது கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 10, முப்பது கிராம் பருப்பில் 7, பாலும் தயிருமாக 350 மில்லியில் 11. மிச்சம் தோசையிலும் சோற்றிலும் வந்துவிடும். சைவம் என்றால் மீன், முட்டைக்குப் பதில் முப்பது கிராம் சோயா உருண்டை (15 கிராம்), கூடவே பனீர், இன்னொரு வேளை பயறு. மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். இரவில் கஞ்சியை எடுத்துவிட்டு இரண்டு அடைத் தோசையும் காய்கறியும் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கால்சியம் அம்மாவின் வயதில் 1200 மி.கி. மேலே சொன்ன பாலும் தயிரும் 400. ஐம்பது கிராம் கேழ்வரகு மாவு 180. ஒரு மேசைக்கரண்டி எள்ளுப்பொடி 120. முருங்கைக்கீரை ஒரு பொரியல் 200க்கு மேல். கூட்டினால் 900 வருகிறது. அப்படிச் சாப்பிடும் நாளில் மாத்திரை 250 முதல் 500க்குள் போதும். மாத்திரையில் ஆயிரம், சாப்பாட்டில் ஆயிரம் என்று இரட்டிப்பாக்க வேண்டாம். பாலக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேழ்வரகு எலும்புக்கு நல்லது என்று மூன்று வேளையும் கூழாகக் கரைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது கிராம் மாவில் மாவுச்சத்து 33 கிராம். அளவு மீறினால் சர்க்கரை ஏறும், கல்லீரலில் மறுபடி கொழுப்புத்தான் சேரும். கூழைவிடக் களியோ அடையோ மெதுவாகச் செரிக்கும். பழச்சாறு, நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றும் கல்லீரலுக்குச் சர்க்கரைதான். சர்க்கரை போடாத காபி இரண்டு டம்ளர் தாராளமாகக் குடிக்கலாம். கல்லீரலுக்கு அது நல்லது, எலும்புக்குப் பெரிய இழப்பில்லை. "லிவர் சுத்தம்" என்று விற்கும் சூரணங்கள் மட்டும் வீட்டுக்குள் வரவேண்டாம். சீந்தில் கொடியால் கல்லீரல் வீங்கி மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி இந்தியாவிலிருந்தே ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன.

---

நடைவண்டி:

நடை கல்லீரலுக்கு அருமை. எலும்புக்கு நடை மட்டும் போதாது. 65 வயதைத் தாண்டிய, உடல் கனத்த 160 பேரை வைத்து 2017இல் வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. எடை குறைத்துக்கொண்டே நடை, சைக்கிள் வகைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு இடுப்பெலும்பு அடர்த்தி ஆறு மாதத்தில் சுமார் 3 சதவீதம் குறைந்தது. பளு சேர்த்துச் செய்தவர்களுக்கு அந்த இழப்பு ஏறக்குறைய 1 சதவீதம்தான். "கல்லீரலுக்கு நல்லது எலும்புக்குக் கெடுதலா" என்று கேட்டீர்களே, பளு இல்லாமல் குறைத்தால் மட்டும் ஆம்.

முதலில் ஒரு சோதனை. கைப்பிடி இல்லாத, அசையாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லி, போனில் நேரம் பாருங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் தசை பலம் குறைவு. எழும்போது முட்டிகள் உள்ளே மடிகின்றனவா, ஒரு பக்கமாகச் சாய்கிறாரா என்றும் கவனியுங்கள்.

அதே நாற்காலிதான் முதல் பயிற்சி. 8 முதல் 12 முறை, மூன்று சுற்று, நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு, வாரம் மூன்று நாள். 12 சுலபமானதும் ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழ வேண்டும். பிறகு இரண்டு கிலோ. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எலும்புக்குச் சேதியே போகாது. அடுத்தது சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல். மூன்றாவது முதுகுக்கு: சுவரில் முதுகு ஒட்டி நின்று, முழங்கைகளைச் சுவரில் அழுத்திப் பத்து விநாடி. ரப்பர் பட்டை கிடைத்தால் அதை ஜன்னல் கம்பியில் கட்டி, படகுத் துடுப்பு போடுவதுபோல் பின்னுக்கு இழுக்கலாம். மூச்சை அடக்கவே கூடாது.

செய்யக் கூடாததும் உண்டு. -2.6 இருக்கும்போது முதுகை வளைத்து முன்னால் குனிவது ஆபத்து. பாதத்தைத் தொடுவது, பச்சிமோத்தாசனம், ஹலாசனம், படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி எதுவும் வேண்டாம். முதுகெலும்பின் முன்பக்கம் அப்படித்தான் ஆப்புபோல நசுங்குகிறது. தரையிலிருந்து குடத்தைத் தூக்குவதும் இதே குனிதல்தான். முட்டியை மடக்கி, குடத்தை வயிற்றோடு ஒட்டித் தூக்க வேண்டும்.

உயரத்தையும் அளந்து பாருங்கள். இளமையில் இருந்ததைவிட நான்கு செ.மீ. குறைந்திருந்தால் முதுகெலும்புக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே கேளுங்கள். வலியே இல்லாமல் நசுங்கிய எலும்பு அதில்தான் தெரியும்.

வார்த்தைக் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "எலும்பு தேய்மானம்" என்று நம் ஊரில் முட்டி குருத்தெலும்பு தேய்வதையும் சொல்கிறோம், எலும்பு அடர்த்தி குறைவதையும் சொல்கிறோம். இரண்டும் வேறு வியாதி. தேய்மானம் என்றதும் "நடக்காதே, மாடி ஏறாதே" என்று அம்மாவை உட்கார வைத்துவிடுவார்கள். அடர்த்தி குறைந்தவரை உட்கார வைத்தால் இருக்கிற எலும்பும் போகும்.

---

பொருநை:

எல்லோருக்கும் நன்றி. சிட்ரேட் இல்லை, கார்பனேட் 1250தான்; இதுவரை காலையில் பான்டோபிரசோலோடு சேர்த்தே போட்டிருக்கிறார். நாளை ரத்தம் கொடுக்கிறோம். அம்மாவிடம் கேட்டதில் மாதவிடாய் நின்றது 43 வயதில். நாற்காலிச் சோதனை 15 விநாடி. கடைசியாக இரண்டு: டெக்ஸாவை மறுபடி எப்போது எடுப்பது? இங்கே முகாமில் குதிகாலை வைத்து இலவசமாகப் பார்க்கிறார்களாம், அது போதுமா?

---

கீழாநெல்லி:

43 என்றால் எலும்புக் காரணத்தில் பெரும்பங்கு அங்கேயே இருக்கிறது. எலும்பு டாக்டரிடம் முதல் வரியாக அதைச் சொல்லுங்கள்.

குதிகால் ஸ்கேன் ஒலி அலையால் அளப்பது. அதில் வரும் டி-ஸ்கோரை டெக்ஸா எண்ணோடு ஒப்பிட முடியாது, மருந்து வேலை செய்கிறதா என்றும் பார்க்க முடியாது. போக வேண்டாம். டெக்ஸாவை மருந்து ஆரம்பித்த நாளிலிருந்து ஒன்று அல்லது இரண்டு வருடம் கழித்து, இதே சென்டரில், இதே மிஷினில் எடுங்கள். மிஷின் மாறினால் 3, 4 சதவீத வித்தியாசம் மிஷினாலேயே வரும். எலும்பு ஏறியதா இறங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று காலை கால்சியம் மாத்திரை வேண்டாம். பழைய ரிப்போர்ட்டில் டி-ஸ்கோரோடு கிராம் கணக்கில் ஒரு அடர்த்தி எண்ணும் இருக்கும். ஒப்பிட வேண்டியது அதைத்தான்; அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள்.

---

நடைவண்டி:

15 விநாடி என்றால் பளு இல்லாமல் ஆரம்பியுங்கள். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டினால் முதல் வாரம் எழுவது எளிதாகும். இரண்டு வாரம் கழித்துத் தலையணையை எடுத்துவிட்டு மறுபடி நேரம் பாருங்கள். குளியலறைத் தரையில் சறுக்காத மேட் ஒன்றை இன்றே போட்டுவிடுங்கள், இரவில் அங்கே போகும் வழியில் ஒரு சின்ன விளக்கும் எரியட்டும்.